பதினெட்டும் பதிமூன்றும்

திருவிளக்குத் தட்டு ஏந்துவதும் சுவாமிக்கு மஞ்சள் இடிப்பதும் உய்யவந்தாளின் வேலை. பன்னிரண்டு வயதில் கோயிலுக்குத் தேவரடியாளாக வந்தவள்; எழுத்தும் பாட்டும் அங்கேயே கற்றாள். வாய்க்கு மட்டும் கடிவாளம் கிடையாது என்று கீழமணற்குடியில் அவளுக்குப் பெயர்.

பாண்டிய நாட்டில் மழை பொய்த்த வருடம் அது. கோயில் காரியம் பார்த்த மழவராயர் கீழ்வயல் மதகை அடைத்துவிட்டார். ஏரித் தண்ணீர் மேல்வயலுக்குத்தான் பாத்தியம் என்றார். மேல்வயல் முழுக்க அவர் குடும்பத்துடையது. கீழ்வயல்காரர்கள் போய் முறையிட்டதற்கு, உரிமை இருந்தால் கல்வெட்டில் காட்டுங்கள் என்று சிரித்தார். உய்யவந்தாள் மூன்று நாள் கோயில் சுவர்களைச் சுற்றிச் சுற்றி வாசித்தாள். ஏரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் நடந்த நடையில் வேறொன்று தட்டுப்பட்டது. வடக்குச் சுவர் வெளிப்பக்கம் பதினெட்டுத் தப்படி. உட்பக்கம், அவள் மஞ்சள் இடிக்கும் அறையில், பதிமூன்றுதான். உலக்கையால் கோடிச் சுவரைத் தட்டினாள். வெற்றுப் பானைபோல அதிர்ந்தது. பூதத்தை அடைத்த அறை அங்கே இருக்கிறது, திறந்தால் கண் அவிந்துபோகும் என்று ஊர் பேசுவதை அவளும் கேட்டிருக்கிறாள்.

கல்தச்சன் கொற்றனை அழைத்தாள். அவன் உளியைத் தொடவே அஞ்சினான்.

"அக்கா, நான் புள்ளகுட்டிக்காரன். கண்ணு போச்சுன்னா அதுகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

"அந்தக் கஞ்சி கீழ்வயல்லேருந்துதானடா வருது? நீ தள்ளி நில்லு. போறது என் கண்ணாவே இருக்கட்டும்."

மறுநாள் உச்சிக்காலப் பூசை முடிந்து ஊர்ச் சபையார் கோயில் மண்டபத்தில் கூடியிருந்தபோது உலக்கையை ஓங்கி இடித்தாள். சாந்து பெயர்ந்தது. அதன் பின்னால் கல் இல்லை, செங்கல். சத்தம் கேட்டு மழவராயரும் சபையாரும் ஓடிவருவதற்குள் ஆள் நுழையும் அளவுக்குத் துளை விழுந்துவிட்டது. தட்டு விளக்கோடு உள்ளே புகுந்தாள். பூட்டிக் கிடந்த காற்றில் மூச்சு முட்டியது. பூதமும் இல்லை, பொன்னும் இல்லை. மூன்று சுவரிலும் எழுத்து. வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தாள்: பத்து நாளில் ஐந்து நாள் ஏரித் தண்ணீர் கீழ்வயலுக்கு. இதை மறைப்பவன் சிவத்துரோகி.

"வெளிய வா," என்றார் மழவராயர். "இன்னையோட உனக்கு இந்தக் கோயில் விளக்கு இல்ல."

"எடுத்துக்குங்க ஐயா. நான் வாசிச்சத இத்தன பேரு கேட்டாச்சு. அவங்க காதையும் அறுத்து எடுத்துக்குவீங்களா?"

சபையார் ஒவ்வொருவராக உள்ளே போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அன்று மாலையே மதகைத் திறக்க வேண்டியதாயிற்று. உய்யவந்தாளின் விளக்கும் அன்றே போயிற்று.

மறுபடி சுவர் எழும்பாது என்று என்ன நிச்சயம்? மதகடிப் பாறையில் அத்தனை வரியையும் கொற்றனைக் கொண்டு வெட்டவைத்தாள். இந்த முறை அவன் மறுக்கவில்லை. அதை உடைக்கச் சம்மட்டியோடு மழவராயரின் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். அவள் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வயலிலிருந்து ஏறிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் பொழுது சாயும்வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மதகடியிலேயே குடிசை போட்டு, இருபத்திரண்டு வருடம் இரண்டு வயலுக்கும் தண்ணீர் முறை பார்த்தாள். மழவராயர் இறந்தபின் சபையார் ஆளனுப்பி விளக்குப் பணிக்குக் கூப்பிட்டார்கள். முறை மாற்றும் நேரம், இப்போது வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டு, மதகுப் பலகையைத் தூக்கப் போனாள்.