கதவு திறக்கும்போதெல்லாம்

“எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பள்ளிக்கூடம் போகேல்லை. உனக்கு மட்டும் அணியிலக்கணம் ஏறுமோ?” என்று மாமி கேட்டார். ஏறும் என்று காட்டத்தான், வேலை முடிந்ததும் லண்டன் வெம்பிளியில் ஒரு நூலகத்தில் போய்த் தமிழ்த் தேர்வுக்குப் படிக்க உட்காருவேன்.

அங்கே வாசலில் ஒரு காவலாளி இருந்தார். நரைத்த மீசை, தோளுக்குப் பெரிதான சீருடைக் கோட்டு. அந்தத் தானியங்கிக் கதவு காற்றுக்குக்கூடத் திறந்துகொள்ளும். அப்போதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வெறும் வாசலைப் பார்த்து, “வாங்கோ” என்பார்.

ஒருநாள் தற்குறிப்பேற்ற அணி படித்துக்கொண்டிருந்தேன். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் மனக்குறிப்பை ஏற்றிச் சொல்வது அது. கதவு திறந்தது, அவர் எழுந்தார். எனக்குச் சட்டென்று அணி விளங்கிவிட்டது. விளங்கிய பெருமையில் கேட்டேன்.

“அங்கிள், அது காத்தெல்லோ?”

“ஓம் பிள்ளை, காத்தாயும் இருக்கும்.”

“பிறகேன் எழும்புறியள்?”

“காத்தெண்டு நினைச்சு நான் இருந்திட்டா, வாற ஆள் திரும்பிப் போயிடுமே.”

யார் அந்த ஆள் என்று கேட்காமல் புத்தகத்துக்குத் திரும்பினேன்.

தேர்வில் அந்த அணிக்குச் சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு கேட்டார்கள். அவருடைய கதவுதான் நினைவில் நின்றது. அதை எழுதினால், வாசலில் ஒருவரும் இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். நிலாவைப் பற்றி ஏதோ எழுதினேன். தேறியும்விட்டேன்.

நேற்று அதே நூலகத்திலிருந்து பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அவருடைய நாற்காலியில் இப்போது யாரும் இல்லை. கிளம்பும்போது, நான் கிட்டப் போகும் முன்பே கதவு தானாகத் திறந்தது. நான் ஒதுங்கி நின்று வழிவிட்டேன்.