தாவித் திரும்புகிற அக்கா

பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா கண்ணை மூடிக்கொள்வார். எதிரே இருப்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது தூக்கமில்லை. "இருங்க, இப்ப நான்தான் மெஷின்" என்பார். சுட்டுவிரல் மேசைமேல் மெல்ல ஊரும். ஒவ்வொரு கட்டளையாக அவரே உள்ளே நடந்து பார்க்கிறார் என்று அர்த்தம். ஜன்னல் வெயில் அவர் மடியிலிருந்து தரைக்கு இறங்கி, சுவரேறிப் போயிருக்கும். அக்கா இன்னும் திரும்பி வந்திருக்க மாட்டார்.

பச்சிளங்குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரம் செய்கிற சின்ன நிறுவனம் அது. இயந்திரத்தின் சிப்புக்கு நேரடியாகப் புரிகிற அசெம்பிளி மொழியில் எழுதுவது அக்கா ஒருவர்தான். மற்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

அதில் அவருடைய செல்லப்பிள்ளை ஒரு தாவல். வேலையைத் தொடங்குமுன் எந்த வரியில் நிற்கிறோம், கையில் என்னென்ன இருக்கிறது என்று சிப்பு குறித்துவைத்துக்கொள்ளும். எவ்வளவு ஆழத்தில் கோளாறு வந்தாலும், போன வழியே படிப்படியாக ஏறி வராமல், ஒரே தாவலில் அந்த இடத்துக்கு வந்து வேறு வழியில் மூச்சைத் தொடரும்.

அக்காவின் பேச்சும் அப்படித்தான். காலையில் பாதியில் விட்டதை மாலையில் அதே இடத்தில் பிடித்துக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் கணவருக்கு அது பிடிபடவில்லை.

இந்த வாரம் தாவல் காலை வாரிவிட்டது. மற்றக் கோளாறுகளில் ஒழுங்காகத் திரும்புகிற இயந்திரம், சென்சார் கம்பி கழன்றால் மட்டும் தாவி வந்து, தன்னை முதலிலிருந்து பரிசோதித்து, மறுபடி தாவி, மறுபடி பரிசோதித்துக்கொண்டே இருந்தது. சோதனைக்கு மாட்டிய ரப்பர் நுரையீரல் துவண்டு கிடந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா தாவலை எடுத்துடலாம்க்கா. கோளாறு வந்தா ரீஸ்டார்ட் ஆகட்டும்" என்றார் மேலாளர்.

"அது எழுந்து உக்கார்ற வரைக்கும் குழந்தை மூச்சுக்கு எங்க போகும், தம்பி?"

அக்கா கண்ணை மூடினார். போன் அடித்தது. கணவர்.

"இன்னைக்காவது நேரத்துக்கு வருவியா?"

"நீலமே இருக்கட்டும்."

"எது நீலம்?"

"ஜன்னல் திரைதான். காலையில கேட்டீங்களே."

"அடிப்பாவி! பழைய பேச்சுக்குத் திரும்பி வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? புதுசா ஏதோ ஆரம்பிக்கிறேன்னு நினைச்சேன்."

அக்கா போனை வைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

குறித்துவைத்த வரிக்கு இயந்திரம் இரண்டு விதமாக வரும்: முதல்முறை நடந்து, பிறகு தாவி. எப்படி வந்தோம் என்பதைக் கூடவே வருகிற ஓர் எண்தான் சொல்லும். பூஜ்யமென்றால் முதல்முறை. வேறு எண்ணென்றால் தாவி வந்தது, அந்த எண்ணே கோளாறின் அடையாளம். கம்பி கழன்றதற்குப் பூஜ்யம் என்று எண் போட்டது சாட்சாத் அக்காவேதான்! பாவம், திரும்பி வந்ததே தெரியாமல் அது முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளைமேல் வருவதுபோல அதன்மேல் இரக்கம் வந்தது அவருக்கு.

"தாவும்போது பூஜ்யம் வந்தா ஒண்ணாக்கிக்கோடா" என்று முணுமுணுத்தபடி இரண்டே வரி எழுதி ஏற்றினார். மேலாளர் பின்னால் வந்து நின்றார். அக்கா கம்பியைப் பிடுங்கினார்.

ரப்பர் நுரையீரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது.

"அப்பாடா! கிளம்பலாமாக்கா?" என்றார் மேலாளர்.

அக்கா ஓர் உள்ளங்கையை அந்த ரப்பரின்மேல் வைத்துக்கொண்டு, மறுகையால் கம்பியைச் சொருகி, மறுபடியும் பிடுங்கினார்.