ஒரே ஆள் ஏற்றும் பாய்

லொறிச் சரக்கை மூடும் படங்கு தைப்பவருக்குக் காற்றுதான் எதிரி. ஒரு தையல் விட்டிருந்தால் போதும், முழுப் படங்கையும் உரித்துக்கொண்டு போய்விடும். தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் சகோதர சகோதரிகளே, அப்படிப்பட்ட எங்களிடம்தான் ஒரு நாள் காற்றைப் பிடிக்கத் துணி தைத்துத் தரச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள்.

மூட்டையோடு வந்தவர்கள்

அலுவிகாரையில், வீதியோரம் எங்கள் கடை. வெட்டுவது என்னைவிட மூத்த நிசா ராத்தா, தைப்பது நான். தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகள்தான் வாடிக்கை. சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டும் நிமலுக்கு முன்பு வண்டியை மேலே மூடும் ஹூட் தைத்துக் கொடுத்திருந்தோம். அவன்தான் அந்த வெள்ளைக்காரத் தம்பதியைக் கூட்டி வந்தான்.

ஹெலனும் மார்ட்டினும் பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்கள். படகு திருகோணமலையில் நின்றது. அங்கே வைத்து மார்ட்டினுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மூட்டையில் இருந்தது, காற்று குறைந்த நாளில் ஏற்றும் பெரிய நைலோன் பாய், பழசு. ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். இனி ஹெலன் ஒருத்திதான். அவள் தனியாகத் தூக்கும் அளவுக்கு அதிலிருந்தே சின்னதாக ஒன்று தைக்க வேண்டும்.

"படகை வித்துட்டு பிளேன்ல போகலாமே?" என்று ராத்தா கேட்டார். நிமல் அதை இங்கிலீஷில் சொன்னான். அதுவரை வீதியையே பார்த்துக்கொண்டிருந்த மார்ட்டின் குழறிக் குழறிப் பதில் சொன்னார்:

"வீட்டை வித்துட்டு எந்த வீட்டுக்குப் போறது?"

சோக்கட்டிக் கோடு

துணியை விரிக்கக் கடையில் இடமில்லை. மாதா கோயில் ஹோலில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு விரித்தோம். ராத்தா பெருவிரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வெயில் பட்ட ஓரமெல்லாம் கடதாசி மாதிரிக் கிழிந்தது. நடுப்பகுதி மட்டும் உரமாக இருந்தது.

மார்ட்டின் தரையில் உட்கார்ந்து, இடது கையால் சோக்கட்டி பிடித்து, வெட்ட வேண்டிய கோட்டைப் போட்டார். பெரிதாகப் போட்டார். ஹெலன் காலால் அழித்தாள். அவர் அதே கோட்டைத் திரும்பப் போட்டார். பாய் சிறுத்தால் படகு நகராது என்று அவரும், பெருத்தால் தன்னால் முடியாது என்று அவளும் குரலை உயர்த்தினார்கள். நிமல் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நாங்கள் கத்திரிக்கோலோடு நின்றோம்.

கடைசியில் ஹெலன் அவர் போட்ட அளவுத் துணியை அப்படியே சுருட்டி இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். அவள் முகமே தெரியவில்லை. ஓர் அடி வைத்தாள், தொங்கிய துணி காலில் தட்டி முழங்கால் இடிபட விழுந்தாள்.  மார்ட்டின் நகர்ந்து வந்து, தன் கோட்டைத் தானே உள்ளங்கையால் துடைத்தார்.

"உன் கைக்கு அடங்குறதுதான் அளவு. வெட்டச் சொல்லு."

வழுக்கிய துணி

ராத்தா சூடான கத்தியால் ஓரம் பிரியாமல் வெட்டிக் கொடுத்தார். வெளியே போன மார்ட்டின் வெட்டி முடியும்வரை ஹோலுக்குள் வரவில்லை.

தைக்க உட்கார்ந்த பிறகு என் கஷ்டம் தொடங்கியது. தடித்த படங்குக்குப் பழகிய மெஷின் நைலோனைக் கடித்து விழுங்கியது. மெல்லிய ஊசி போட்டேன், நூலை மாற்றினேன், துண்டுகளை முதலில் டேப்பால் ஒட்டிக்கொண்டேன். அப்படியும் பழக்க தோஷத்தில் இழுத்துப் பிடித்தே தைத்திருக்கிறேன். விரித்துப் பார்த்தால் பாய் மேசைவிரிப்பு மாதிரித் தட்டையாகக் கிடந்தது. முழுவதையும் பிரித்தேன். ஹெலன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடுங்கிக்கொண்டே நிமல் வழியாகச் சொன்னாள்:

"இழுக்காதீங்க மேரி, காத்து வந்து தங்க அதுக்கு ஒரு வயிறு வேணும்."

திருகோணமலையில் ஒரு காலை

இழுக்காமல் திரும்பத் தைத்த பாயை ஏற்றிப் பார்க்கும் அன்று எங்களையும் நிமலையும் கூப்பிட்டார்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. மார்ட்டின் இடது கையால் சுக்கானைப் பிடித்திருந்தார். ஹெலன் தனியாகக் கயிற்றை இழுத்தாள். பாய் மேலே போய், கொடியில் காயும் சாரம் மாதிரித் தொங்கியது.  ராத்தா உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

பிறகு கன்னத்தில் பட்டும் படாமலும் ஒரு காற்று. பாய் மெதுவாக உப்பியது. சத்தமே இல்லாமல் கரை பின்னால் போகத் தொடங்கியது.

ஆனால் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் பெரிய பாடு. காற்று கொஞ்சம் ஏறியதும் மார்ட்டின் இறக்கச் சொன்னார். பாதியில் பாய் முறுக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. மார்ட்டின் கைகொடுக்க எழுந்துவிட்டார், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹெலன் தளத்தில் மண்டியிட்டு, பிடிபிடியாக இழுத்து, கடைசி முனை வரை மடியில் சேர்த்துவிட்டு மூச்சு வாங்கினாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"இனி எனக்கு என்ன நடந்தாலும் நீ கரைக்கு வந்துருவே."

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாக நிமலின் போனுக்குச் செய்தி வந்தது, நானோ இப்போது படங்கு தைக்கக் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் "இதைத் தூக்கப் போறது யாரு?" என்று கேட்டு, இவளுக்கு என்ன வந்தது என்கிற பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.