பேசும் பெட்டியும் புது லேப்டாப்பும்

அந்தச் சாம்பல் நிறப் பெட்டி ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். முன்பக்கம் ஸ்பீக்கர், பின்பக்கம் கம்ப்யூட்டரில் செருக அகலமான பேரலல் போர்ட் கேபிள். திரையில் இருக்கும் ஆங்கிலத்தை மூக்கடைத்த குரலில் படித்துச் சொல்லும். ஆர்.எஸ்.புரத்தில் இருந்த பார்வையற்ற பேராசிரியர், வெளிநாட்டில் வாழ்ந்த மகளின் இ-மெயில்களை அதன் மூலம்தான் கேட்டார். யாரும் உடன் இருக்கக் கூடாது, மனைவி உட்பட.

தொண்ணூறுகளின் கடைசியில் மகள் மெல்லிய லேப்டாப் ஒன்றை அனுப்பினாள். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்த என்னைப் போனில் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, நம்ம பெட்டி இதுல சேருமுங்களா?" என்றார். "எல்லாம் சேருமுங்க சார்" என்று பார்க்காமலே சொன்னேன். இன்று யார் கேட்டாலும் நேரில் பார்க்காமல் வாய் திறப்பதில்லை. அன்று அந்தப் புத்தி இல்லை. அவர் என் சொல்லை நம்பிப் பழைய கம்ப்யூட்டரை அன்னூரில் ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்.

போய்ப் பார்த்தால் லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே இல்லை, இரண்டு சின்ன யூ.எஸ்.பி. துளைகள்தான். சென்னையிலிருந்து மாற்றுக் கேபிள் வரவழைத்து மூன்று நாள் மாரடித்தேன். அது பிரிண்டருக்கு மட்டுமே உதவும் என்பது பிறகுதான் புரிந்தது. பள்ளியில் நானே பேசிக் கம்ப்யூட்டரை வாங்கி வருகிறேன் என்றேன். "குடுத்துப்போட்டுத் திருப்பிக் கேக்கறதுங்களா? வேண்டாமுங்க" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"புள்ளைகிட்டருந்து மெயில் வந்திருக்கோணும். நீங்களே படிங்க தம்பி" என்றார். படித்தேன். நாலாவது வரியில், கணவனைப் பிரிந்து தனியாக இருப்பதாகவும் அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள். படிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து அறையில் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தாதீங்க. மெதுவாப் படிச்சு முடிச்சுப்போடுங்க."

முடித்தேன். பதிலையும் அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். இனி கடிதத்தைப் படிப்பது இன்னொருவர் என்பதையும் சேர்க்கச் சொன்னார். "அவளுக்குத் தெரியோணுமுங்க." அதை அடிக்கும்போது அவமானமாக இருந்தது.

ஆறு வாரம் அலைந்து, என் கைக்காசுக்கு எட்டிய விலையில் பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்து மாட்டினேன். பெட்டி பேசியது. இனித் தான் மட்டும்தான் கேட்பதாக அன்றே மகளுக்கு எழுதினார்.

பதில் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். வெளியே போக எழுந்தேன். சற்றுநேரம் கேட்டவர், "இருங்க தம்பி, நீங்க போக வேண்டாமுங்க" என்றார். பெட்டி அந்த ஊர்க் குளிரையும் அவள் சமைத்த குழம்பையும் பற்றி மட்டும் படித்து முடித்தது; பிரிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.