மெட்ராஸ் இருந்த சுவர்

மகள் பள்ளிக்கூட வேலைக்காகக் கோதுமை மாப்பசை காய்ச்சுகிறாள். அந்த வாசனை வந்ததும் நான் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இலங்கையில், தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில், இப்போது இடித்துவிட்ட தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பிராவில், ஒரு சுவர் முழுக்க மெட்ராஸ் இருந்தது. மெரினா, மயிலாப்பூர்க் கோபுரம், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் என்று எல்லாம் இந்தியாவுக்குப் போய்விட்ட சித்தப்பா அனுப்பிய பட அட்டைகள். கடல் தாண்டியே இராத அப்பா, ஞாயிறுதோறும் லயத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, இறப்பர் பால் காய்ந்து கறுத்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இங்கன எறங்குனா கோயிலு, அப்புறம் நேரா கடலுதான்" என்று ஊரைச் சுற்றிக் காட்டுவார்.

அது நாட்டில் தமிழர்-சிங்களவர் சண்டை நடந்த காலம். வகுப்பில் என்னை இந்தியாக்காரி என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிங்களத் தோழி நில்மினி வீட்டுக்கு வருவதாகச் சொன்னதும், இதே பசையைக் காய்ச்சி, சிங்களப் பத்திரிகைத் தாள்களை ஒட்டி அந்தச் சுவரை மூடினேன். அவள் வந்தாள், தேத்தண்ணி குடித்தாள், சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா பத்திரிகைத் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். படமும் சேர்ந்து கிழிந்து வந்தது. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இன்னைக்கு மெட்ராஸ் பூட்டிக் கெடக்கு புள்ளைகளா, போயி வெளையாடுங்க."