தண்ணீர் தொடாத சம்மதம்

தனம் அக்கா எனக்கு ஓரகத்தி; என் வீட்டுக்காரரின் அண்ணன் அய்யாக்கண்ணுவின் மனைவி. உடையார்பாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லைதான். 2006-இல், சென்னையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதாக ஊரில் சொல்லிவிட்டுப் போனவள், வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். முழங்கால் தாங்காத உடம்பு அவளுக்கு, வேறு வழியில்லை. ஆனாலும் யாருக்கும் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"சோத்தக் கொறைக்கத் துப்பில்லாம வயித்தக் கொறச்சிக்கிட்டான்னு பேசுவாளுவ, லீலா" என்றாள். பேசத்தான் செய்வார்கள். எங்கள் தெருவைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொல்லி அனுப்பியதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சாப்பாட்டோடு தண்ணீராக எதுவும் சேரக் கூடாதாம். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் சிறு சிறு மடக்காகக் குடிக்க வேண்டுமாம். சொன்னவள் என்னத்தைச் சாப்பிடுகிறவளோ! இங்கே ரசமும் மோரும் இல்லாமல் யார் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள்? ரசம் தண்ணீரில் சேர்த்தியா, குழம்பில் சேர்த்தியா? பழைய சோற்றைப் பிழிந்து சாப்பிடலாமா? கேட்டுக் கேட்டு அவளும் குழம்பி என்னையும் குழப்பினாள். ஒருநாள் மோர்ச் சோற்றைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். "பேசாம தலவாணிப் பஞ்சத் தின்னு" என்று அய்யாக்கண்ணு மாமா சொல்லப்போக, அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சே இல்லை.

இந்த நிலையில்தான் அக்கா மகன் ராஜராஜனுக்கு மீன்சுருட்டியில் பெண் அமைந்தது. சண்முகப்பிரியா என்று பெயர். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். பேசி முடிக்கக் கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்க மாட்டோம். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரிதான்.

இலை போட்டார்கள். அக்கா நாலு வாய் சாம்பார்ச் சோறு சாப்பிட்டாள். பெண்ணின் அப்பா செல்லதுரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெண்ணின் அம்மா பூங்காவனம் ரசம் கொண்டுவந்தார். அக்கா இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறித்தாள். மோருக்கும் அதே கதை. பூங்காவனம் தண்ணீர் டம்ளரையாவது எடுத்துக் கையில் கொடுக்கப் பார்த்தார். "வேணாங்க" என்று அக்கா தள்ளி வைத்தாள்.

பந்தி அப்படியே நின்றது. சோறு சாப்பிட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, தண்ணீரைத் தள்ளியதை மறுப்பு என்று எடுத்துக்கொள்வதா? விஷயம் தெரிந்த எனக்கே ஒரு நிமிஷம் குழம்பியது.

"எங்க வூட்டுத் தண்ணியத் தொட மாட்டீங்களா? இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்கம்மா" என்று செல்லதுரை எழுந்துவிட்டார்.

ராஜராஜன் அம்மாவையே பார்த்தான். மாமா இலையைப் பார்த்தார். அவர் எந்த ஆபத்துக்கு உதவியிருக்கிறார்? எனக்கு வாய் துறுதுறுத்தது. சத்தியம் தடுத்தது.

அக்கா டம்ளரை எடுத்தாள். உதடு வரைக்கும் கொண்டுபோனவள், கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்குங்க. குண்டு ஒடம்பு கொறையறதுக்கு. சாப்பாட்டோட தண்ணி குடிச்சா ஆவாது, அரை மணி ஆவணும்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சீக்காளி மாமியார் வேண்டாம் என்று கையைக் கழுவிவிடுவார்களோ என்று நான் பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்தேன்.

செல்லதுரை மனைவியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப... இப்ப பேச்சு முடிஞ்சிடுச்சுங்களா, முடியலைங்களா?"

"சரி, இருப்போம்" என்று அவரே உட்கார்ந்தார். தாம்பூலத் தட்டுகளை நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு குடும்பமும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

நேரம் ஆனதும் சண்முகப்பிரியாவே தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா ஒரு மடக்கு குடித்தாள். செல்லதுரை தட்டைக் கையில் எடுத்தார். அக்கா, பொறுங்கள் என்று கை காட்டினாள். கொஞ்சம் கழித்து இன்னொரு மடக்கு. அவர் தட்டைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார்.

"மெதுவாக் குடிங்க அத்த" என்று அந்தப் பெண் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தட்டு மாத்திக்கலாங்களா சம்பந்தி?" செல்லதுரையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

அக்கா வாயில் தண்ணீர். பதில் சொல்ல முடியாமல் விழித்தாள்.

"மாத்துங்கப்பா" என்றாள் சண்முகப்பிரியா.