பக்கத்து வீட்டு அங்கிள் விட்ட கோல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பக்கத்து வீட்டு அங்கிளின் வேன் கிளம்ப மறுத்தது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பதினொன்றரைக்குள் எங்களையும் ஒரு பெரிய டப்பா புளியோதரையையும் பக்கத்து ஊர்க் கோயிலில் சேர்த்துவிடுவதாக அப்பா அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தார். அதனால் காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அம்மா முன்னதாகவே ஒரு ஆன்ட்டியின் காரில் கோயிலுக்குப் போயிருந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கலிபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. பக்கத்து வீட்டு அங்கிள் அயர்லாந்துக்காரர், தச்சு வேலை. டப்ளினிலிருந்து டப்ளினுக்கே வந்துவிட்டாரே என்று அப்பா அவரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். தான் டப்ளின்காரன் இல்லை, தன் ஊரில் டப்ளின்காரனைக் கண்டாலே யாருக்கும் ஆகாது என்று அவரும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்துவார்.

அவர் ஹர்லிங் என்ற ஐரிஷ் ஆட்டம் ஆடியவர். அகப்பையை நீட்டி மரத்தில் செய்தது போல ஒரு மட்டை. கிரிக்கெட் பந்து அளவில் கெட்டியான தோல் பந்து. அதைத் தரையிலும் அடிக்கலாம், தலைக்கு மேலும் வீசி அடிக்கலாம். அப்பா கோவில்பட்டியில் ஹாக்கி ஆடி வளர்ந்தவர். மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கினாலே தவறு என்று பழகியவர் இந்த ஆட்டத்தைப் பார்த்ததும் “ஃபவுல், ஃபவுல்” என்று கத்திவிட்டார். ஆனால் அங்கிள் தடுப்பாட்டக்காரர் என்று தெரிந்ததும் உறவு கெட்டிப்பட்டுவிட்டது. அப்பாவும் ஃபுல் பேக்.

அங்கிள் தன் ஊருக்காக அயர்லாந்தின் தேசியக் கோப்பையை இரண்டு முறை வென்ற அணியில் இருந்திருக்கிறார். பதக்கத்தைக் காட்டச் சொல்லி அப்பா நச்சரித்தபோது, கராஜில் திருகாணி டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்தார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய தங்கம். இதற்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள் என்று அப்பா கேட்டார். ஒன்றுமில்லை, எங்கள் ஆட்டத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது, ஞாயிறு ஃபைனல் ஆடிவிட்டுத் திங்கள் பலகை அறுக்கப் போனேன் என்றார்.

அப்பாவால் தாங்க முடியவில்லை. “ரயில்வேல ஒரு வேலை கூடவா போட்டுக் குடுக்கல?” என்று எங்களிடம் தமிழில் புலம்பினார். “எங்க ஊர்ல ஸ்டேட்டுக்கு ஆடினாலே ரயில்வேல எடுத்துப்பான். இந்த மனுஷன் ரெண்டு கப் அடிச்சிட்டு இங்க வந்து கிச்சன் கேபினெட் மாட்டிட்டு இருக்காரு.”

எந்தக் கோலும் போடாமல் ஒருவர் எப்படிப் புகழ் பெற முடியும் என்பது எங்கள் கேள்வி. தம்பி நேராகவே கேட்டான்: “அங்கிள், யூ நெவர் ஸ்கோர்ட்?” ஒரு தடவை கூட இல்லை என்றார். ஆனால் பக்கத்து மாவட்டத்தில் ஒரு முன்னணி ஆட்டக்காரன் உண்டு, எல்லாருக்கும் எதிராகக் கோல் போட்டவன், தன்னைத் தாண்டி மட்டும் ஏழு வருடத்தில் ஒன்றும் போட்டதில்லை என்றார். அதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் முதல்முறையாகப் பெருமையைப் பார்த்தேன். பதக்கத்தை எடுத்தபோதுகூட அது இல்லை.

அந்த ஆள் அந்தக் கோடையில் வேலைக்காக சான் பிரான்சிஸ்கோ வந்து, அங்கே ஒரு ஐரிஷ் அணியில் சேர்ந்திருந்தார். அந்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு அந்த அணியோடு அங்கிளின் அணிக்கு இறுதிப் போட்டி. அங்கிளின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. இதுதான் கடைசி ஆட்டம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். வேன் கிளம்பவில்லை, கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் முன்பே போய்விட்டார்கள்.

அப்பா டப்பாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “இவரை டிராப் பண்ணிட்டு அப்படியே யூ-டர்ன் அடிச்சு கோயிலுக்குப் போயிடலாம்” என்றார். சான் பிரான்சிஸ்கோ போகும் பாலத்து டிராஃபிக்கில் நின்றபோதே அது நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மைதானத்தில் அப்பா யூ-டர்ன் என்ற சொல்லையே மறந்துவிட்டார். கோட்டோரம் நின்று, ஒரு வார்த்தையும் தமிழ் தெரியாத பதினைந்து பேருக்குத் தமிழில் யோசனை சொன்னார். “அவனை உள்ள விடாதீங்க, வெளிய தள்ளுங்க, வெளிய!” அங்கிள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அந்த முன்னணிக்காரர் எங்கே போனாலும் அரை எட்டு தள்ளி அங்கிள் இருந்தார். அவர் கைக்குப் பந்து வருவதற்குள் அங்கிளின் மட்டை அங்கே இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போலிருந்தது. தம்பி அலுத்துப்போய்ப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது அங்கிளின் அணி இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. வலைக்குள் ஒரு கோல் போனால் மூன்று புள்ளி. அந்த நேரத்தில்தான் அப்பாவுக்குக் கோயில் ஞாபகம் வந்தது. தம்பியின் கையை என் கையில் கொடுத்து, “கோட்டைத் தாண்டக் கூடாது” என்று சொல்லிவிட்டு, வாசலில் இருந்த காசு போடும் போனை நோக்கி ஓடினார்.

எதிர் அணியில் ஒருவர் பந்தை மிக உயரத்துக்கு அடித்தார். மைதானத்தில் எல்லாருடைய முகமும் வானத்தைப் பார்த்தது. என்னுடையதும்தான். தம்பியின் கை என் கையிலிருந்து எப்போது நழுவியது என்று தெரியவில்லை. பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு பழைய பந்து புல்லில் கிடந்தது. தம்பி அதை எடுக்கக் கோட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். மேலே பார்த்தபடியே இரண்டு பெரிய மனிதர்கள் மட்டையை ஓங்கிக்கொண்டு அவன் பக்கம் ஓடிவந்தார்கள்.

அங்கிள் அந்த முன்னணிக்காரரை விட்டார். முழங்கால் போனவர் ஓடுவது போல அது இல்லை. தம்பியை அரிசி மூட்டை போல ஒரு கையில் அள்ளி, கோட்டுக்கு வெளியே என் காலடியில் வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வலை குலுங்கியது. கூட்டம் கத்தியது. எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. அங்கிள் எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார், பிறகு தன் இடத்துக்கு நடந்தார்.

போன வாரம் என் மகனின் பள்ளி மைதானத்திலிருந்து அழைப்பு வந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை, நெற்றியில் வீக்கம் மட்டும்தான். ஆனாலும் ராத்திரி எழுந்து எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்த இரண்டு ஹர்லிங் மட்டைகளும் தம்பி நின்ற இடத்தில்தான் இறங்கின என்பது இப்போதுதான் எனக்குக் கண்ணில் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வந்த எண்ணம் வேறு: பெரியவர்கூடத் தோற்கிறாரே.

அங்கிளின் அணி ஒரு புள்ளியில் தோற்றது. அப்பா திரும்பி வந்து தலையில் கை வைத்தார். “பத்து நிமிஷம் போன் பண்ணப் போனேன், அதுக்குள்ள எப்படி அவனை விட்டாரு?” அங்கிளிடமே ஆங்கிலத்தில் கேட்டார். வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார் அங்கிள். வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது எனக்குத் தெரியும். பெரியவர்களும் பொய் சொல்வார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

கோயிலில் ஏற்கெனவே மூன்று ஆன்ட்டிகள் புளியோதரை கொண்டு வந்துவிட்டார்களாம். “உங்க அம்மா சிரிக்கிறா. அங்கயே யாருக்காவது போட்டுட்டு மெதுவா வாங்கங்கிறா” என்றார் அப்பா. ஆனால் சாமிக்கென்று செய்ததை அப்படியே எடுத்துக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கார் டிக்கியைத் திறந்து, காகிதத் தட்டில் ஒரு கரண்டி வைத்து, கோயில் இருக்கும் திசையை உத்தேசமாகக் கணக்குப் போட்டுத் திரும்பிக் கண்ணை மூடினார். சேறும் வியர்வையுமாக நின்ற அயர்லாந்துக்காரர்கள் தலையைக் குனிந்து, கையைக் கட்டி, அவர் கண் திறக்கும்வரை அசையாமல் நின்றார்கள். பிறகு டப்பாவைச் சுரண்டிவிட்டார்கள். மிளகாயைக் கடித்த ஒருவர் மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்.

நான் தட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது எதிர் அணியின் கூட்டத்திலிருந்து அந்த முன்னணிக்காரர் தனியாக வந்தார். கோப்பை வாங்கியவர் போலவே இல்லை. அங்கிளின் அருகில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் பேசினார். “ஏழு வருஷம் முயற்சி பண்ணினேன். இன்னைக்குப் போட்டதை ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அங்கிள் தட்டில் கிடந்த மிளகாயை ஓரமாக ஒதுக்கினார். போட்ட கோலை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஸ்கோர் பலகையில் எண் அப்படியே இருந்தது. நான் நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டு, வாயெல்லாம் மஞ்சளாக நின்ற தம்பியை அந்த முன்னணிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஊர்ல எனக்கும் இந்த சைஸ்ல ஒருத்தன் இருக்கான்” என்றார்.